ஜான் ஃப்ருஷான்டே: பேண்டா, தனி இசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கடைசியில் நாலைந்து பேருக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் பாட்டு ஏதாவது ஒன்றை வாசிக்கக் கேட்பார்கள். அதற்கு அடுத்த மாதம், "சார், அந்தக் கிட்டாரிஸ்ட் ஏன் ரெண்டு தடவ விட்டுட்டுப் போனாரு?" என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் வழக்கமாக வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும், அது எது என்று படிக்கும்போதே தெரியும்.

முதலில், யார் இவர்? பெயரை எப்படிச் சொல்வது?

ஃப்ரு-ஷான்-டே. "ஃப்ரூசியாண்ட்" என்று சொல்லும் பழக்கம் எனக்கும் பல வருஷம் இருந்தது.

1970 மார்ச் 5-ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பிறந்தவர், வளர்ந்தது கலிஃபோர்னியாவில். சில்லி பெப்பர்ஸ் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். பாடகர் ஆந்தனி கீடிஸ், பேஸ் வாசிக்கும் ஃப்ளீ, கிட்டாரில் ஹிலல் ஸ்லோவாக் என்று பள்ளி நண்பர்கள் சேர்ந்து எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்த பேண்ட் அது. 1988 ஜூனில் ஸ்லோவாக் 26 வயதில் ஹெராயினால் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தபோது ஃப்ருஷான்டேவுக்கு வயது 18. அந்த பேண்டின் வெறித்தனமான ரசிகர் அவர், பாட்டெல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். நேற்றுவரை மேடைக்குக் கீழே நின்று குதித்த பையன் இன்றைக்கு மேடையில். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஆரம்பம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். அவர் சேர வந்தது சின்ன ஹாலில் வாசிக்கிற ஒரு பேண்டில். அது ஸ்டேடியத்தில் வாசிக்கிற பேண்டாக மாறியது அவர் வந்த பிறகுதான், அவராலும்தான்.

இவ்வளவு பெரிய பேண்டில் இருக்கிற ஒருவருக்குத் தனி ஆல்பம் எதற்கு? பேராசையா?

பேராசை என்றால் விற்கிற மாதிரி ஆல்பம் போட்டிருப்பாரே.

நாலு பேர் சேர்ந்த பேண்டில் ஒரு ட்யூன் நாலு சல்லடை வழியாக இறங்க வேண்டும். கீடிஸ் குரலுக்கு அது பொருந்த வேண்டும், ஃப்ளீயின் பேஸுக்கு அதில் இடம் வேண்டும், சாட் ஸ்மித்தின் ட்ரம்ஸ் உட்கார வேண்டும், அப்புறம் தயாரிப்பாளர் ரிக் ரூபினுக்குப் பிடிக்க வேண்டும். ஃப்ருஷான்டே மாதிரி நாள் முழுக்க எழுதுகிறவருக்கு இந்தச் சல்லடையில் மேலேயே தங்கிவிடுவதுதான் அதிகம். இதோடு பேண்டின் காலண்டர் ஒன்று இருக்கிறது. ஒரு ஆல்பம் வந்தால் அடுத்த ஒன்றரை வருஷம் ஊர் ஊராகப் போய் அதே பாட்டுகளை வாசிக்க வேண்டும். சிலருக்கு அது சுகம். புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்க நினைக்கிறவருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு முட்டுகிற விஷயம்.

1992-ல் ஏன் விலகினார்? சண்டையா?

சண்டையும்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

1991-ல் நாலு பேரும் ரூபினும் சேர்ந்து லாரல் கேன்யனில் இருக்கும் ஒரு பழைய மாளிகையில் 'பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ட்ரம்மர் மட்டும் தினமும் வீட்டுக்குப் போய் வந்தார், மற்றவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஃப்ருஷான்டே அந்த நாட்களில் மிகச் சந்தோஷமாக இருந்தார். வெளியுலகம் இல்லை, வாசிப்பது, எழுதுவது, பெயின்ட் செய்வது, அவ்வளவுதான். ஆல்பம் 1991 செப்டம்பர் 24-ல் வந்தது (நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்ததும் அதே நாள்தான், என்ன ஒரு செவ்வாய்க்கிழமை!). அப்புறம் மெதுவான பாட்டான 'அண்டர் த பிரிட்ஜ்' அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

21 வயதுப் பையனுக்கு இது வரமாக இருந்திருக்க வேண்டும். அவருக்கோ அது பாரமானது. இந்த அளவுப் புகழ் வேண்டாம், சின்ன கிளப்களில் வாசித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று கீடிஸிடம் வாதாடியிருக்கிறார். கீடிஸுக்கு அது சுத்தமாகப் புரியவில்லை, நாம் ஜெயித்திருக்கிறோம், இவன் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்ற எரிச்சல். 1992 பிப்ரவரியில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் 'அண்டர் த பிரிட்ஜ்' வாசித்தபோது ஃப்ருஷான்டே அறிமுகப் பகுதியையே அடையாளம் தெரியாத மாதிரி மாற்றி வாசித்தார், பாடகருக்கு எங்கே நுழைவதென்றே தெரியவில்லை. தேசமே பார்க்கிற நேரலையில் முதுகில் குத்தியதுபோல் இருந்ததாகக் கீடிஸ் பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். நான் அந்த வீடியோவைப் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே கெடுத்தாரா, இல்லை அவருக்கு அந்த நிமிஷம் அப்படித்தான் தோன்றியதா என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது, பாட்டை ரெக்கார்டில் இருப்பதுபோலவே வாசிப்பது அவருக்கு அப்போது ஒரு பொய்யாகப் பட்டிருக்கிறது.

மே மாதம் ஜப்பான் பயணத்தின் நடுவில், கச்சேரிக்குச் சற்று முன்னால், நான் போகிறேன் என்றார். கெஞ்சிக் கூத்தாடி அன்றைய மேடைக்கு மட்டும் ஏற்றினார்கள். மறுநாள் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்.

அந்தக் காலத்துத் தனி ஆல்பங்கள் நல்லவையா, இல்லை போதை உளறலா?

இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது.

முதலாவது 1994-ல் வந்தது, பெயர் நீளம்: 'நியாண்ட்ரா லேட்ஸ் அண்ட் யூஷுவலி ஜஸ்ட் எ டி-ஷர்ட்'. இதில் பெரும்பகுதி பேண்டில் இருக்கும்போதே வீட்டில் நாலு டிராக் ரெக்கார்டரில் பதிவானது. அதாவது ஒரு பக்கம் லட்சக்கணக்கில் விற்கிற ஆல்பத்தின் வேலை, இன்னொரு பக்கம் அறைக்குள் தனியாக உட்கார்ந்து கிட்டாரைப் பின்னோக்கி ஓட விட்டு, குரலைக் கீச்சென்று ஏற்றி, பாதிப் பாட்டுக்குப் பெயர்கூட வைக்காமல் செய்த இசை. முதல் தடவை கேட்டபோது ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். மூன்று வருஷம் கழித்து ஒரு இரவு மின்வெட்டில் போனில் மிச்சமிருந்த சார்ஜில் மறுபடி கேட்டேன், அப்போதுதான் உள்ளே போயிற்று. எனக்கு அது ஒரு அபூர்வமான ஆல்பம்.

இரண்டாவது 1997-ல் வந்த 'ஸ்மைல் ஃப்ரம் த ஸ்ட்ரீட்ஸ் யூ ஹோல்ட்'. ஹெராயினில் முழுதாக மூழ்கியிருந்தவர், போதைக்குக் காசு வேண்டும் என்பதற்காகவே அதை வெளியிட்டார். பாட்டுக்கு நடுவில் இருமல் கேட்கும். 1999-ல் அதை அவரே கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தார். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

போதையில்தான் உண்மையான கலை வருகிறது என்று இந்த ஆல்பங்களைக் காட்டிப் பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த ஆறு வருஷத்தில் அவர் செய்தது மிகக் கொஞ்சம். வீடு தீப்பிடித்து கிட்டார்கள் எரிந்துபோயின, பற்கள் போயின, கையெல்லாம் தழும்பு, உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த பிறகு ஒரே வருஷத்தில் அதைவிடப் பல மடங்கு எழுதினார். கணக்கு தெளிவாகவே இருக்கிறது.

1998-ல் எப்படித் திரும்பினார்?

1998 ஜனவரியில் பாசடீனாவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். அதற்குள் பேண்டும் திணறிக்கொண்டிருந்தது. இடையில் கிட்டாரிஸ்ட்கள் வந்து வந்து போனார்கள், டேவ் நவாரோவுடன் 1995-ல் ஒரு ஆல்பம் வந்தது, அவரோடும் ஒத்துவரவில்லை. ஜான் திரும்பி வந்தால்தான் இது ஓடும் என்று ஃப்ளீ கீடிஸிடம் சொல்லிவிட்டு, நேரே ஃப்ருஷான்டே வீட்டுக்குப் போய்க் கேட்டார், மறுபடி எங்களோடு வாசிக்கிறாயா என்று. அவர் அழுதுவிட்டார்.

ஃப்ளீயின் வீட்டு கராஜில் பயிற்சி ஆரம்பித்தது. வருஷக்கணக்கில் கிட்டாரை ஒழுங்காகத் தொடாததால் கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. பழைய வேகம் இல்லை. அதனால் குறைவாக வாசித்தார். ஒரு சுரம், இடைவெளி, இன்னொரு சுரம். 1999 ஜூனில் வந்த 'கலிஃபோர்னிகேஷன்' ஆல்பத்தின் அழகே அந்த இடைவெளிதான். ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. என்னிடம் வரும் மாணவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அந்தத் தலைப்புப் பாட்டின் சோலோவில் கஷ்டமான சுரம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் உங்களால் அதை அப்படி வாசிக்க முடியாது. கோபித்துக்கொள்வார்கள்.

பேண்டையும் தனி இசையையும் உண்மையிலேயே ஒன்றாகச் சமாளித்த காலம் என்று ஏதாவது உண்டா?

உண்டு. 1999 முதல் 2006 வரை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

2001-ல் 'டு ரெக்கார்ட் ஒன்லி வாட்டர் ஃபார் டென் டேஸ்' வந்தது. வீட்டில் ட்ரம் மெஷின், சின்தசைசர் வைத்துத் தானே செய்தது. எண்பதுகளின் பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் பாப் மேல் அவருக்கு இருந்த மோகம் முழுக்க அதில் இருக்கிறது. சில்லி பெப்பர்ஸுக்குக் கொண்டுபோனால் யாரும் ஏற்றுக்கொள்ளாத சத்தம். ஆனால் கவனியுங்கள், அடுத்த வருஷம் பேண்டின் 'பை த வே' வருகிறது, அதில் பழைய ஃபங்க் (தாளமும் பேஸும் முன்னால் நிற்கிற இசை) குறைந்து, அடுக்கடுக்கான குரல்களும் மெலடியும் சின்தசைசரும் வந்துவிட்டன. தனியாகச் செய்து பார்த்தது ஒரு வருஷத்தில் பேண்டுக்குள் வந்துவிட்டது. அவருடைய தனி ஆல்பங்களைப் பட்டறை என்று நினைத்துக்கொண்டால் நிறைய விளங்கும்.

அப்புறம் 2004. பிப்ரவரியில் 'ஷேடோஸ் கொலைட் வித் பீப்பிள்', பெரிய ஸ்டூடியோ, நிறைய வேலைப்பாடு, சாட் ஸ்மித் ட்ரம்ஸ், ஃப்ளீயும் ஒரு பாட்டில் எட்டிப் பார்க்கிறார். அது முடிந்ததும் எதிர்த்திசையில் திரும்பினார். இனி பாட்டுக்கு ஒரு டேக், அதாவது ஒரே தடவை வாசித்துப் பதிவு, அதிகம் போனால் இரண்டு, தப்பு வந்தால் வரட்டும், கம்ப்யூட்டர் இல்லாமல் டேப்பில் பதிவு. இப்படி ஜோஷ் கிளிங்ஹாஃபர் என்ற இளம் நண்பரைக் கூட வைத்துக்கொண்டு வரிசையாகப் பதிவு செய்து, 2004 ஜூனில் 'த வில் டு டெத்' தொடங்கி 2005 பிப்ரவரியில் 'கர்ட்டன்ஸ்' வரை ஆறு வெளியீடுகள். ஒன்று சின்ன இ.பி. (சில பாட்டுகள் மட்டும் கொண்ட குட்டி வெளியீடு), ஒன்று ஃபுகாஸி பேண்டின் ஜோ லாலியோடு சேர்ந்து அட்டாக்சியா என்ற பெயரில் செய்தது, ஒன்று முழுக்க எலக்ட்ரானிக் பக்கம் சாய்ந்தது, கடைசி ஆல்பம் வீட்டு வரவேற்பறையில் அகூஸ்டிக் கிட்டாரோடு பதிவானது. அதே 2004-ல்தான் பேண்ட் லண்டன் ஹைட் பார்க்கில் பெருங்கூட்டத்தின் முன் மூன்று இரவுகள் வாசித்தது. இரண்டும் ஒரே ஆள்!

இது எப்படிச் சாத்தியமானது என்றால், என் கணிப்பு, அவர் இரண்டையும் கலக்கவில்லை. பேண்டுக்குப் போனால் பேண்டுக்காரராகவே இருந்தார். பெரிய அரங்கத்துக்கான பாட்டு எழுதுவதைக் கேவலமாக நினைக்கவில்லை, 1992-ல் இருந்த அந்த வெறுப்பு போய்விட்டிருந்தது. தனியே இருக்கும்போது விற்பனையைப் பற்றிக் கவலையே இல்லை. ஒன்றில் கிடைக்காததை இன்னொன்றில் தேடிக்கொண்டார். 2006-ல் வந்த 'ஸ்டேடியம் ஆர்கேடியம்' 28 பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம். பேண்டின் வரலாற்றில் முதல் முறையாக அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம், அப்புறம் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி. அதில் அடுக்கி அடுக்கி வைத்திருக்கும் கிட்டார்களையும் ஒலி விளையாட்டுகளையும் 2004-ன் அந்த ஓட்டம் இல்லாமல் என்னால் யோசிக்க முடியவில்லை.

அவர் இப்படி வளர்ந்தது பேண்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இல்லையா?

இருந்தது. 'பை த வே' சமயத்தில் ஃப்ளீ ரொம்பவே ஒதுங்கிப்போனார். ஃப்ருஷான்டே மெலடி பக்கம் இழுத்துக்கொண்டு போக, ஃபங்க் வாசிக்கிற ஃப்ளீக்கு வேலை குறைந்தது. பேண்டை விட்டே போய்விடலாமா என்று யோசித்ததாக ஃப்ளீ பிறகு வெளிப்படையாகச் சொன்னார். தனி இசைக்காரர் பேண்டுக்குத் திரும்பும்போது தன் பழக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருவார்: வீட்டில் எல்லா வாத்தியத்தையும் தானே தீர்மானித்துப் பழகியவருக்கு, அடுத்தவர் என்ன வாசிக்க வேண்டும் என்பதும் மனசுக்குள் தயாராக இருக்கும். அடுத்த ஆல்பத்துக்குள் இருவரும் பேசிச் சரிசெய்துகொண்டார்கள். 'ஸ்டேடியம் ஆர்கேடியம்' ஆல்பத்தில் ஃப்ளீ மறுபடி முன்னால் நிற்பது காதுக்கே தெரியும்.

காசு விஷயம் சொல்லுங்கள். தனி ஆல்பத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

இதைக் கேட்கத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள், ஆனால் இதுதான் அஸ்திவாரம்.

சில்லி பெப்பர்ஸ் பாட்டுகளில் எழுதியவர் பெயராக நாலு பேர் பெயரும் இருக்கும். யார் ட்யூன் கொண்டுவந்தாலும் சரி. இதனால் இரண்டு நன்மை. "என் பாட்டுதான் ஆல்பத்தில் வரணும்" என்ற அடிதடி குறைகிறது, ஏனென்றால் யாருடையது வந்தாலும் காசு ஒன்றுதான். இன்னொன்று, பேண்டை விட்டுப் போனாலும் பழைய பாட்டுகளின் வருமானம் வந்துகொண்டே இருக்கும். 2021-ல் பேண்ட் தன் பாட்டுகளின் உரிமையை ஹிப்னோசிஸ் என்ற நிறுவனத்துக்குச் சுமார் 14 கோடி டாலருக்கு விற்றதாகச் செய்தி வந்தது. அப்படிப்பட்ட பாட்டுகள் பின்னால் இருக்கும்போது யாரும் கேட்காத எலக்ட்ரானிக் இசையைப் பத்து வருஷம் செய்யலாம். "புகழை உதறிவிட்டுக் கலையைத் தேடிப் போன ஞானி" என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. அதே வசதி கையில் இருந்தும் வருஷக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்த நட்சத்திரங்கள் எத்தனை பேர்!

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 2009-ல் மறுபடி ஏன் விலகினார்?

நீண்ட பயணம் முடிந்து பேண்ட் ஓய்வு அறிவித்திருந்தது. அந்த இடைவெளியில் 2009 ஜனவரியில் 'த எம்பிரியன்' வந்தது. ஃப்ளீ அதில் வாசித்தார், ஸ்மித்ஸ் பேண்டின் ஜானி மார் வாசித்தார். ஆரம்பமே ஒன்பது நிமிஷ கிட்டார் தனி ஆவர்த்தனம். அந்த வருஷக் கடைசியில் விலகலை அறிவித்தார். இந்தத் தடவை கூச்சல் இல்லை, விமானம் பிடித்து ஓடவில்லை. கோபதாபம் எதுவும் இல்லை, என் இசை ஆர்வம் வேறு திசையில் போகிறது, நண்பர்களுக்கும் புரிகிறது என்கிற அளவில் எழுதினார்.

அந்தத் திசை எலக்ட்ரானிக் இசை. கிட்டாரில் உச்சத்தில் இருந்தவர், ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசைக்காரர்கள் பயன்படுத்தும் ரோலண்ட் 303 மாதிரிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். 2012-ல் பேண்டை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்தபோது அழைத்தார்கள், போகவில்லை.

இரண்டு விலகல்களையும் ஒன்றாகப் பேசுவதுதான் ரசிகர்கள் செய்கிற தப்பு. 1992-ல் அவர் எதிலிருந்தோ ஓடினார். 2009-ல் ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போனார்.

"எனக்கு ரசிகர்களே இல்லை" என்று சொன்னாராமே? திமிர்தானே?

2015-ல் ஒரு பேட்டியில், இனி இசையை வெளியிடுவதை நினைக்காமல் செய்கிறேன், எனக்குக் கேட்பவர் கூட்டம் என்று ஒன்று இல்லை என்கிற பொருளில் பேசினார். அதைத் தலைப்பாக்கி "இசையை விட்டே விலகினார்" என்று ஊரெல்லாம் போட்டுவிட்டார்கள். அவர் அந்த நவம்பரில் விளக்கம் எழுதினார்: செய்கிற நேரத்தில் யாருக்காக என்று யோசிப்பதில்லை என்றுதான் சொன்னேன், எனக்குக் கேட்பவர்கள் இருப்பது தெரியும், அவர்களுக்கும் தெரியும். கூடவே நிறையப் பாட்டுகளை இலவசமாக இணையத்தில் போட்டார். திமிர் பிடித்தவர் செய்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

அந்த எலக்ட்ரானிக் ஆல்பங்கள் எப்படி?

2012-ல் தொடங்கி வந்தவற்றில், குரலும் கிட்டாரும் உடைந்த தாளமும் சேர்ந்த ஆல்பங்கள் எனக்கு அரைகுறையாகத்தான் பிடிக்கும், ஒரே பாட்டில் நாலு பாட்டு சண்டை போடுவதுபோல இருக்கும். ட்ரிக்ஃபிங்கர் என்ற பெயரில் 2015-ல் வந்தது சுத்தமான ஆசிட் ஹவுஸ், அது நன்றாக இருக்கிறது. 2020-ல் தன் செல்லப் பூனையின் பெயரில் 'மாயா' என்று வாத்திய இசை ஆல்பம் ஒன்று போட்டார். பூனை இறந்துபோயிருந்தது, ஸ்டூடியோவில் எப்போதும் கூடவே இருந்த ஜீவன். அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஜோஷ் கிளிங்ஹாஃபரை வெளியே அனுப்பியது அநியாயம் இல்லையா?

எனக்கும் மனசு கஷ்டப்பட்டது. ஜான் விலகிய பிறகு பேண்டில் அவர் இடத்துக்கு வந்தவர் ஜோஷ்தான். பத்து வருஷம், இரண்டு ஆல்பம். 2012-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது 32 வயது, அப்போதைக்கு அங்கே சேர்ந்தவர்களில் அவர்தான் இளையவர். 2019 டிசம்பர் 15-ல் ஒரு இன்ஸ்டாகிராம் பதிவில், ஜோஷுக்கு நன்றி, ஜான் திரும்புகிறார் என்று முடித்தார்கள். ஆனால் கிளிங்ஹாஃபர் இதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். ஜானுக்கும் அவர்களுக்கும் இருப்பது தனக்கு இல்லாத ஒன்று என்பதுபோலப் பேசினார். அப்புறம் ப்ளூரலோன் என்ற பெயரில் தனி ஆல்பங்கள் போட்டார், பேர்ல் ஜாம் பேண்டோடு மேடையேறினார்.

இப்போது என்ன செய்கிறார்?

திரும்பி வந்ததும் பழைய வேகம்தான். ரூபினோடு உட்கார்ந்து எழுதிக் குவித்ததில் 2022 ஏப்ரலில் 'அன்லிமிடெட் லவ்', அக்டோபரில் 'ரிட்டர்ன் ஆஃப் த ட்ரீம் கான்டீன்'. ஒரே வருஷத்தில் இரண்டும் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம். 2005-க்குப் பிறகு எந்த ராக் பேண்டும் செய்யாதது.

அதற்கு அடுத்து வந்ததுதான் எனக்குச் சுவாரசியம். 2023 பிப்ரவரியில் தாளமே இல்லாத, பாட்டே இல்லாத இரண்டு ஒலி ஆல்பங்களைச் சின்ன லேபிள் ஒன்றில் வெளியிட்டார். பெயர்கூட வெறும் புள்ளிகளும் ரோமன் எண்ணும்தான். ஒன்றரை வருஷம் பேண்டோடு ராக் பாட்டாகவே எழுதிய பிறகு, அதற்கு நேர் எதிரான ஒன்று தனக்குத் தேவைப்பட்டது என்றார். 2004-ல் செய்த அதே வேலை!

மற்ற பேண்ட்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்?

ஆளுக்கொரு வழி. ரேடியோஹெட்டின் தாம் யார்க் 2006-ல் 'த இரேசர்' போட்டுவிட்டு அடுத்த வருஷமே பேண்டோடு ஆல்பம் கொடுத்தார், அதே பேண்டின் ஜானி கிரீன்வுட் சினிமாவுக்கு இசையமைக்கிறார். பீட்டர் கேப்ரியேல் 1975-ல் ஜெனிசிஸை விட்டுப் போனவர் போனவர்தான், புது ஆல்பத்துக்காகத் திரும்பவே இல்லை. கிஸ் பேண்டில் நாலு பேரும் 1978-ல் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டார்கள், வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சட்டை எடுத்த கதை.

நானும் காலேஜ் பேண்டில் இருக்கிறேன். தனியாக ட்யூன் போட்டால் நண்பர்கள் முறைக்கிறார்கள். என்ன செய்ய?

எது பேண்டுக்கு, எது உனக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடு தம்பி. நான் அப்படிச் சொல்லாமல் விட்டவன். எங்கள் பேண்டின் பயிற்சியில் ட்ரம்மர் விளையாட்டாகத் தட்டிய ஒரு தாளத்தை எடுத்துத் தனிப் பாட்டாக்கி யூட்யூபில் போட்டேன், அவன் பெயரைப் போடவும் மறந்தேன். பார்த்தவர்கள் மொத்தம் முந்நூறு பேர் இருக்கும். அந்த முந்நூறு பேருக்காக ஏழு வருஷ நட்பு ஒரு வருஷம் பேச்சு இல்லாமல் கிடந்தது. அப்புறம் அவன் கல்யாணத்தில்தான் பேசினோம்.

இன்னொன்று, பேண்டில் நிராகரித்த ட்யூனைத் தனியாகப் போடும்போது "பார், நீங்கள் வேண்டாம் என்றது" என்ற தொனி வரவே கூடாது. வந்தால் அடுத்த வாரம் பயிற்சிக்கு ஆள் வராது.

மறுபடி விலகுவாரா?

விலகினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

சில்லி பெப்பர்ஸ் மட்டும் கேட்டவராக இருந்தால் 'கர்ட்டன்ஸ்'. அகூஸ்டிக் கிட்டாரும் குரலும், பயமுறுத்தாது. பிடித்தால் 'த வில் டு டெத்', அப்புறம் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு 'த எம்பிரியன்', ஹெட்ஃபோனில், நல்ல சத்தமாக. 'நியாண்ட்ரா லேட்ஸ்' பக்கம் அவசரப்பட்டுப் போக வேண்டாம். போய் ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டால் அப்படியே ஓரமாக வைத்திருங்கள், அழித்துவிடாதீர்கள்.